பந்த் அன்றைக்கும் மாவு பொங்கியது

மும்பையில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பழைய கட்டடம் ஒன்றின் மதிலை ஒட்டி எனக்கு ஓர் இடம் இருந்தது. இட்லி அண்டா, சாம்பார் கேன், சட்னி வாளி, நான் உட்கார ஒரு ஸ்டூல், இவ்வளவும் கொள்ளும். மேலே ஒரு மரம், அதனால் வெயில் ஏறினாலும் சமாளிக்கலாம். ரயிலுக்கு ஓடுகிற ஆபீஸ் ஜனம் முழுக்க அந்த மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாராவியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விடியும்போது அங்கே போய்ச் சேருவேன். அண்டா காலியாகும்வரை தலை நிமிர நேரம் இருக்காது.

சொந்த இடம் என்று சொல்ல முடியாது. நடைபாதைக்கு யார் பட்டா தருவார்கள்? எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவருக்கு அன்றைக்கு அந்த இடம். மறுநாளும் அவரே கழுவினால் மறுநாளும் அவருக்கு. காய்ச்சல் வந்தாலும் சாவு விழுந்தாலும் வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் போய் ஒரு வாளி தண்ணீராவது ஊற்றி உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். ஒரு நாள் யாரும் போகாமல், வேறு ஆள் வந்து கழுவிவிட்டால், போனது போனதுதான். சண்டைக்குப் போகக் கூடாது. முனிசிபாலிட்டிக்காரன் எங்களைக் கிளப்புவான், போலீஸ்காரர் கிளப்புவார், ஆனால் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கிளப்ப மாட்டோம். அந்த மதிலோரத்தை நான் பல வருஷம் ஒரு நாள் விடாமல் கழுவியிருக்கிறேன்.

அந்த இடத்தைத்தான் நான் ஒரு நாள் பந்துக்காக, வேலைநிறுத்தத்துக்காக விட்டேன். ஏன் விட்டாய் என்று இன்றுவரை கேட்கிறார்கள். முதலில் கேட்டவர் என் வாடிக்கைக்காரர் ஒருவர். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து ஏதோ ஆபீஸில் பெரிய உத்தியோகம். தினமும் நாலு இட்லி, சட்னி தனியாக, சாம்பார் தனியாக. பந்த் வரப்போகிறது, நாளைக்கு மறுநாள் வர மாட்டேன் என்று அவரிடம் சொன்னபோது இட்லியைக் கையில் வைத்தபடியே சிரித்தார். "ஏம்மா, நீங்க சுயதொழில் பண்றவா. உங்களுக்கு முதலாளியே கிடையாதே. யாரை எதிர்த்து ஸ்டிரைக் பண்றேள்?"

"நெருப்புக்கு வெல வைக்கிறவுகள எதிர்த்துத்தான் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ரயில் வந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நாட்டில் சிலிண்டர் இரண்டு நிறம். வீட்டுக்குச் சிவப்பு, வியாபாரத்துக்கு நீலம். நீலத்துக்கு விலை எகிறும், மாதம் பிறந்தால் மாறும், மாறினால் பெரும்பாலும் மேலேதான். வீடு ஓரிடத்தில், கடை ஓரிடத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு சரியாக இருக்கலாம். எங்கள் சந்தில் ஒரு கோலிதான், ஒற்றை அறைதான். அதில் ஓர் அடுப்பு. அந்த அடுப்பில் விடியற்காலையில் ஊருக்கு இட்லி வேகும், மதியம் எங்களுக்குச் சோறு வேகும். ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்கள் நான் மைனி என்று கூப்பிடுகிற எதிர் வீட்டுக்காரியின் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைனி அவர்கள் பின்னாலேயே ரோடு வரைக்கும் போய், அடுப்பில் பாதி வெந்த சோறு இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் இது வீடா கடையா என்று கேட்டாள். அவர்கள் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதினவருக்கு, ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்து, அதே அறையில் பிழைக்கவும் செய்யும் என்று தோன்றியிருக்காது. தோன்றாதது அவர் தப்பு. தண்டம் மட்டும் எங்களுக்கு.

இது ஒன்று. இன்னொன்றும் உண்டு. அதைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும்.

இட்லிக்காரர்களுடைய நாளைக்கு என்பது இன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்துவிடும். வியாபாரம் முடிந்து வந்ததும் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவோம். சாயங்காலம் அரைப்போம். இருட்டுகிற நேரத்துக்கு மாவு டப்பில் இருக்கும். பெரிய பெரிய முடிவுகளை டிவியில் வந்து சொல்கிறவர்களோ ராத்திரி எட்டு மணிக்குச் சொல்கிறார்கள். நாளைக்கு உன் கையில் இருக்கிற நோட்டு செல்லாது என்கிறார்கள். நாளையிலிருந்து வீட்டை விட்டு வெளியே வராதே என்கிறார்கள். நாளைக்கு என்ற ஒன்று எல்லாருக்கும் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் தாங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவர்களுக்கு நினைப்பு. எங்கள் நாளைக்கு அப்போதே அரைத்து உப்புப் போட்டு மூடி வைத்தாயிற்று.

நோட்டு செல்லாமல் போன மறுநாள் ஆபீஸ் ஜனம் என் முன்னால் வந்து அந்தப் பழைய நோட்டையே நீட்டியது. பசியோடு நிற்கிறவரிடம் இட்லியைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குத் தருகிறேன் என்றவர்களுக்கும் கொடுத்தேன். சிலர் தந்தார்கள், சிலர் வேறு பக்கமாக ஸ்டேஷனுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். ஊரை அடைத்துப் போட்ட காலத்தில் இன்னும் மோசம். முதல் நாள் மாவைச் சந்து முழுக்க ஊற்றிக் கொடுத்தோம். வாங்கியவர்களிடமும் அவிக்க கேஸ் இல்லை. மிஞ்சியதைக் கடைசியில் சாக்கடையில் கொட்டினோம். சோறு இல்லாத சந்தில் மாவைக் கொட்டினோம். சாக்கடை வெயிலில் புளித்து நாறியது. வெளியே வந்தால் அடி, உள்ளே இருந்தால் அந்த நாற்றம். அந்த நாற்றத்தோடு உட்கார்ந்து டிவியில் விளக்கேற்றச் சொன்னதைப் பார்த்தேன். நான் ஏற்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேறு கதை. செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் மத்திய அரசுக் கம்பெனி ஒன்றில் மூட்டை ஏற்றுகிற வேலை. வேலை கம்பெனிக்கு, சம்பளம் காண்ட்ராக்டரிடம். அந்தக் காண்ட்ராக்டர் அவ்வப்போது பெயரை மாற்றிக்கொள்வார், உடனே இவர் புது ஆள் ஆகிவிடுவார். தலை நரைத்த பிறகும் அந்தக் கேட்டில் இவர் புது ஆள்தான். இனிமேல் சட்டமே அப்படித்தான், குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பார்கள், முடிந்தால் அனுப்புவார்கள் என்று யூனியன்காரர்கள் வந்து சொன்னார்கள். எல்லா யூனியனும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றார்கள். இவர் நிற்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் சந்துப் பெண்களும் குழாயடியில் கூடிப் பேசி, நாமும் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களாகவே சேர்ந்துகொண்டோம்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது. கம்பெனி கேட்டில் நிற்க பயப்படாத மனுஷன் இதற்குப் பயந்தார்.

"ஏட்டி, நாந்தான் வேலைக்குப் போவலியே. ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு போதாதா? நீ போயி எடத்தக் கழுவிட்டு உக்காரு. ஏவாரம் பண்ண வேண்டாம், சும்மா உக்காரு."

"நீங்க செய்யுதது வேல, நான் செய்யுதது வெளையாட்டா?" என்றேன். "நீங்க நின்னா பந்து, நான் நின்னா மட்டும் வேண்டாமா?"

இடம் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். போனால் போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். கை தேய்த்ததே தவிர, கண் முன்னால் அந்த மதிலும் மரமும்தான் நின்றன. அந்த இடம் இல்லாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பந்துக்கு முந்தின நாள் வழக்கம்போல வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்தேன். அண்டாவைக் கழுவினேன், குளித்தேன், சாப்பிட்டேன். எதிர் வீட்டில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாகவே அரிசி டின்னுக்குப் போகும், அப்படியே போனது. சாயங்காலம் கிரைண்டர் ஓடியது. டப்பில் மாவை வழித்து, உப்புப் போட்டு, கைவிட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, நாளைக்கு இது யாருக்கு என்று கேட்டார். முழங்கை வரைக்கும் மாவோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே எட்டிப் பார்த்தால் மைனி வீட்டுக் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடுத்த வீட்டிலும். சந்து முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி சத்தம் கேட்டு ஒருத்தி ஊறப்போட்டிருக்கிறோம். குழாயடியில் அடுப்பு மூட்டுவதில்லை என்று வீரம் பேசிய அத்தனை பேர் வீட்டிலும் டப் டப்பாக மாவு. ஊர் உலகத்தில் எந்தத் தொழிலாளியாவது வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் மறுநாள் வேலையைப் பாதி முடித்து வைத்திருப்பானா? மைனிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும் சிக்கல் தெரிந்தது. மாவு காத்திருக்காது. விடிவதற்குள் பொங்கும், மத்தியானத்துக்குள் புளிக்கும். அவ்வளவு மாவை வைக்க எங்கள் யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது. மறுபடியும் சாக்கடையில் கொட்ட யாருக்கும் மனம் இல்லை. ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில், விதி இப்படி இருக்கிறது, பேசாமல் போய் விற்றுவிட்டு வாருங்கள் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. மாவு வீணாகாது, இடமும் போகாது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிக்கூடப் பார்த்தேன்.

அப்போது மைனி சொன்னாள். "அடுப்பு மூட்ட மாட்டோம்னுதான சொன்னோம்? அவுக கேஸத் தொட வேண்டாம். வெறகு வச்சு அவிப்போம். வீட்டுக்குள்ள வேண்டாம், ரோட்டுல வச்சு அவிப்போம். விக்க வேண்டாம், சும்மா குடுப்போம்."

விடிந்ததும் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் செங்கல் வைத்தோம். மர வேலை செய்கிற பட்டறைகளிலிருந்து துண்டுக் கட்டைகள் கிடைத்தன, தேக்குச் சீவல்கூட. ஒவ்வொரு அடுப்பிலும் ஓர் இட்லிப் பானை. புகை கண்ணைக் கரித்தது. விறகில் இட்லி அவித்து எங்களில் பாதிப் பேருக்குப் பழக்கமே இல்லை, முதல் ஈடு அடியில் தீய்ந்து வந்தது. அதையும் கொடுத்தோம், அதையும் தின்றார்கள். வேலைக்குப் போகாமல் கொடி பிடித்து வந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், தோல் பட்டறை ஆட்கள், குப்பை பிரிக்கிறவர்கள், எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் வண்டிகள் நின்றன. ரோட்டை மறிப்பது எங்கள் திட்டத்திலேயே இல்லை. சாப்பிட உட்கார்ந்ததில் ரோடு தானாக மறிபட்டது.

போலீஸ் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் மராத்தியில் அடுப்பையெல்லாம் எடுக்கச் சொன்னார். பானை வெந்துகொண்டிருக்கிறது, வெந்ததும் எடுத்துவிடுகிறோம் என்றோம். ஒரு பானை வெந்து இறங்கினால் பக்கத்துப் பானை அப்போதுதான் ஏறியிருக்கும். அவர் இங்கிருந்து அங்கே போவார், அங்கிருந்து இங்கே வருவார். கடைசியில் என் பக்கத்தில் வந்து, டியூட்டியில் சாப்பிடக் கூடாது, வீட்டுக்கு ஒரு பார்சல் கட்டு என்றார். இன்றைக்குப் பார்சல் கிடையாது, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதானால் சாப்பிடலாம் என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் உட்காரவில்லை. என்னையும் அடிக்கவில்லை. ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

கேமரா எதுவும் வரவில்லை. மறுநாள் எந்தப் பேப்பரிலும் நாங்கள் இல்லை. கேஸ் விலை ஒரு பைசா இறங்கவில்லை. ஆனால் அன்றைக்கு மாவு ஒரு கரண்டிகூடச் சாக்கடைக்குப் போகவில்லை. ஊரடங்கில் கொட்டினதிலிருந்து எனக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது. அன்றைக்குத்தான் அது இறங்கியது. சந்தோஷம் என்றே சொல்லலாம். சத்தம் போட்டுச் சொல்லலாம்.

மறுநாள் விடிகாலையில் மாட்டுங்காவுக்குப் போனால், மதிலோரம் ஈரமாக இருந்தது. ஸ்டவ் வைத்து ஒருவன் சமோசா பொரித்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும், உத்தரப் பிரதேசத்துக்காரன். முந்தின நாளே வந்து கழுவியிருக்கிறான். நவி மும்பை ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பக்கம் கடை போட்டிருந்தவனாம், அங்கே நடைபாதையைத் துப்புரவு செய்கிறோம் என்று கிளப்பிவிட்டார்களாம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. நேற்று யாரும் இல்லை, தண்ணீர் ஊற்றினேன் என்று மட்டும் சொன்னான். எங்கள் சட்டம் அவன் பக்கம் இருந்தது.

கொஞ்சம் தள்ளி, சாக்கடை வாய் பக்கத்தில், வெயிலில் அண்டாவை இறக்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர் நின்று இட்லி தின்பார்கள்? பழகின முகங்கள் சில வந்தன. பல வரவில்லை. பாலக்காட்டு சார் மரத்தடியில் நின்று சமோசாவை டீயில் நனைத்துத் தின்றார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். சமோசாக்காரன்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர்மேல் இருந்தது. யாரை எதிர்த்து என்று கேட்டாரே, நல்ல ரயில் பிடித்துப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றியிருப்பேன். அரிசியைக் குறைத்து ஊறப்போட ஆரம்பித்தேன். மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மழைக்காலம் முழுக்கச் சாக்கடை வாயில் உட்கார்ந்தேன். செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், வலித்தது. வலிக்கிறது என்பதற்காகச் செய்தது தப்பாகிவிடாது.

சமோசாக்காரனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் நீல சிலிண்டர்தான். மாதம் பிறந்தால் அவன் முகமும் கறுக்கும். எண்ணெய் விலை ஏறியபோது சமோசா சிறுத்தது, பிறகு இன்னும் சிறுத்தது. பாலக்காட்டு சார் அதை நாலு பேர் கேட்கக் கேலி செய்ததும் என் காதில் விழுந்தது. ஒரு நாள் அவன் கேஸ் பாதி வியாபாரத்தில் தீர்ந்துபோய், வெறும் மாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னிடம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அடுத்த பந்தும் வந்தது. அதே யூனியன்கள், அதே சட்டம், இன்னும் ஏறிப்போன கேஸ். என் வீட்டுக்காரர் நிற்பதாகச் சொன்னார். இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மதிலோரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குள்தான் ஒரு கணக்கு ஓடியது. சமோசாக்காரனும் பந்துக்கு நின்றால் அந்த இடம் ஒரு நாள் காலியாக இருக்கும். ஒரு வாளி தண்ணீர் போதும். மரம் எனக்கு, ஆபீஸ் ஜனம் எனக்கு. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சட்டம் அப்போது என் பக்கம்.

அவனும் அதையே யோசித்திருக்கிறான். பந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டவ்வை அணைத்துவிட்டு என் பக்கமாக வந்தான். முதன்முறையாக என் அண்டா பக்கத்தில் குந்தினான். எங்கள் பேச்சு ஹிந்தியில் நடந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, நானும் அன்னைக்குக் கடை போட வேண்டாம்னு நினைக்கிறேன். போடாம இருந்தா, நீ வந்து அந்த இடத்தக் கழுவிடுவியா?"

நேராகக் கேட்டுவிட்டான். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். சாம்பார் கேனை மூடினேன், கையைத் துடைத்தேன், மரத்தை ஒரு தரம் பார்த்தேன். கழுவுவேன் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"கழுவ மாட்டேன்" என்றேன். "அன்னைக்கு நான் தாராவியில ரோட்டுல இருப்பேன். அடுப்பு வைக்க இடம் இருக்கு, உன் சட்டியையும் கொண்டு வா."

அவன் எழுந்திருக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் இல்லாதப்போ மூணாவது ஒருத்தன் வந்து கழுவிட்டா?"

"கழுவட்டும். அதுக்கடுத்த பந்துக்கு நாம ரெண்டு பேருமாப் போய் அவனையும் கூப்பிடுவோம்."

அவன் சிரிக்கவில்லை. ஸ்டவ்வுக்குத் திரும்பிப் போனான். மறுநாள் கடையைக் கட்டும்போது, ரோட்டில் பொரிக்க எத்தனை கிலோ உருளைக்கிழங்கு கொண்டு வர வேண்டும் என்று கேட்டான்.